பிடியைத் தளர்த்தும் நுரை

ஞாயிறு முழுக்கப் பூட்டிக் கிடந்த லேத் பட்டறையின் ஷட்டரைத் திங்கட்கிழமை காலை தூக்கும்போது அழுகிய முட்டை வாடை முகத்தில் அடிக்கும். ஓசூர் சிப்காட்டிலும் அதை அண்டிப் பிழைக்கும் சிறு பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். இரும்பையோ அலுமினியத்தையோ கடையும்போது சூடு ஏறாமலிருக்க ஊற்றுகிற பால்நிறத் திரவம், அதாவது கூலன்ட், ஓடாமல் நின்றதன் விளைவு அது. மேலே மிதக்கும் கழிவு எண்ணெய் காற்றை அடைத்துவிட, அடியில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. வெளிநாட்டுப் பட்டறைகளிலும் இதற்குத் ‘திங்கட்கிழமை நாற்றம்’ என்றுதான் பெயர்.

நாற்றம் பாக்டீரியாவின் வேலை. திரவம் ஓடத் தொடங்கிக் காற்றுப் பட்டால் அது மட்டுப்படும். மட்டுப்படாத இன்னொன்று உண்டு. தொட்டியின் மூலையில், பில்டர் வலையில், குழாயின் உட்சுவரில் ஊறிய தோல்போலப் படிந்து, விரலால் இழுத்தால் பாளம் பாளமாக வருவது. அதைப் பாசி என்பார்கள். பாசியல்ல, வெயில் படாத தொட்டிக்குள் பாசிக்கு என்ன வேலை? பெரும்பாலும் அது ஃபியூசேரியம் முதலிய பூஞ்சைகள் கட்டிக்கொண்ட குடியிருப்பு. பில்டர் அடைத்துக்கொள்வதும், கூலன்ட் வரத்துக் குறைந்து கடையும் முனை கருகுவதும் இதனால்தான்.

இந்தக் குடியிருப்பை, பூஞ்சைப் படலத்தை, செடியும் நுண்ணுயிரியும் தரும் இயற்கையான சோப்புப் பொருள்களைக் கொண்டு கட்டுப்படுத்த முடியுமா என்ற கேள்வி கடந்த முப்பது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் பல வடிவங்களில் கேட்கப்பட்டு வருகிறது. பெரும்பாலும் மருத்துவமனையை மனத்தில் வைத்துக் கேட்கப்பட்ட கேள்வி. அதை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தொட்டிகளையும் ரோஜாக் குடில்களையும் வைத்துக் கேட்டுப் பார்ப்பதே இங்கே நோக்கம்.

கூலன்ட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கோ அதற்கு மேலோ தண்ணீர். மிச்சம் எண்ணெய், எண்ணெயைத் தண்ணீரோடு கலந்து நிறுத்தும் பொருள்கள், துருவைத் தடுக்கும் அமீன்கள். நுண்ணுயிருக்கு இது விருந்து. ஆகவே கிருமிக்கொல்லி சேர்க்கிறார்கள். நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள டிரையாசின் வகை மெல்ல மெல்ல ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுப் பாக்டீரியாவைக் கொல்லும். பூஞ்சையிடம் அதன் வீரியம் குறைவு. போட்டிக்கு இருந்த பாக்டீரியா ஒழிந்ததும், களை பறித்த இடத்தில் கோரை கிளம்புவதுபோலப் பூஞ்சை தழைக்கிறது. அதற்கென்று வேறொரு மருந்து. இரண்டும் சேர்ந்தால் தொழிலாளியின் கையில் அரிப்பும் வெடிப்பும்.

அளவைக் கூட்டிக்கொண்டே போவது ஏன் உதவுவதில்லை என்பதற்குப் படலத்தின் அமைப்புத்தான் பதில். தண்ணீரில் தனியாக மிதக்கும் பூஞ்சை அணு வேறு. ஏதோ ஒரு பரப்பில் ஒட்டி, இழைவிட்டு, தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளாலான கொழகொழப்பைச் சுரந்துகொண்ட அணு வேறு. மனித உடலில் வாழும் கேண்டிடா அல்பிகன்ஸில் இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். அதன் கொழகொழப்பிலுள்ள பீட்டா குளுக்கன், ஃப்ளுகோனசோல் மருந்தை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. மருந்து உள்ளே போய்ச் சேர்வதில்லை. மிதக்கும் அணுவைக் கொல்லும் அளவைப்போல ஆயிரம் மடங்கு வரை கொடுத்தாலும் படலத்துக்குள் இருப்பவை தப்பிய ஆய்வுகள் உண்டு. கொல்லும் வீரியத்தைக் கூட்டுவதைவிட ஒட்டும் பிடியைத் தளர்த்துவதே வழி என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. பிடியைத் தளர்த்துவது சோப்பின் வேலை.

ஓசூரில் சோப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கெலவரப்பள்ளி அணையில் போய்த்தான் நிற்கும். நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று பெயர் வாங்கி, பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு தென்பெண்ணை இங்கே நுழைகிறது. மழை பெய்து மதகு திறந்தால் வெள்ளை நுரை மலைபோல எழுகிறது. நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலத்தையே மூடிவிடுகிறது. பெங்களூரின் கழிவைத் தாங்கும் பெலந்தூர் ஏரியில் 2015 மே மாதம் அந்த நுரை தீப்பிடித்தே எரிந்தது. வீட்டு வாஷிங் மெஷினிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வரும் செயற்கைச் சோப்புப் பொருள்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இவற்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1950களில் உலகம் பயன்படுத்திய சலவைப்பொடியில் கிளைவிட்ட மூலக்கூறு இருந்தது. பாக்டீரியாவால் அதை எளிதில் தின்ன முடியவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகள் நுரைத்தன. 1961இல் மேற்கு ஜெர்மனி சட்டம் இயற்றியது. பத்தாண்டுக்குள் நேர்ச்சங்கிலி மூலக்கூறுக்குப் பெரும்பாலோர் மாறினர். அதன் மூலப்பொருளைச் சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் தயாரிக்கிறது. நேர்ச்சங்கிலி மட்கக்கூடியதுதான், ஆனால் ஆக்சிஜன் வேண்டும். சுத்திகரிக்காத சாக்கடையில் ஆக்சிஜனுக்கு எங்கே போவது? ‘மட்கும்’ என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது கெலவரப்பள்ளிக்குத் தெரியாது. இதை இங்கே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. இயற்கைச் சோப்பும் நுரைக்கும்.

சோப்பின் பொதுக் குணம் எளிது. ஒரு தலை தண்ணீரை நாடும், ஒரு வால் எண்ணெயை நாடும். தண்ணீர் தன் மேற்பரப்பை இழுத்துப் பிடித்திருக்கும் விசையை அது குறைக்கிறது. இயற்கை இதை இரண்டு வழியில் செய்து வைத்திருக்கிறது. ஒன்று நமக்குப் பாட்டி காலத்திலிருந்து தெரிந்தது: சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை. ஓசூர் சந்தையில் பூந்திக்கொட்டையைத் தெலுங்கில் குங்குடுகாய என்று கேட்டாலும் கன்னடத்தில் அண்டுவாள என்று கேட்டாலும் ஒரே காயைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இவற்றில் நுரைப்பது சபோனின். சாதாரணச் சோப்பு போர்வெல் உப்புத்தண்ணீரில் திரிந்துபோகும். சபோனின் அப்படித் திரிவதில்லை.

மற்றது நுண்ணுயிரி சுரப்பது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா ராம்னோலிபிடைத் தருகிறது; 1940களின் இறுதியிலேயே அதை அடையாளம் கண்டுவிட்டார்கள். ஸ்டார்மரெல்லா பாம்பிகோலா என்ற ஈஸ்ட் சோஃபோரோலிபிடைச் சுரக்கிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் சர்ஃபாக்டினையும், அதன் உறவுக்காரர்களான இட்யூரினையும் ஃபெஞ்சைசினையும் தருகிறது. 1968இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட சர்ஃபாக்டின் தண்ணீரின் பரப்பு இழுவிசையை 72 அலகிலிருந்து 27க்கு இறக்கிவிடும். அதற்கு லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் போதும். ஷாம்புவில் சேரும் சோடியம் லாரில் சல்ஃபேட்டின் மூலக்கூறுகள் தண்ணீரில் திரள்கட்டத் தொடங்குவதற்கு லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் தேவை. நூறு மடங்கு வித்தியாசம். இந்த ஒரு கணக்குத்தான் பலரை இந்தத் துறைக்குள் இழுத்தது.

பூஞ்சைப் படலத்தின்மீது இவை என்ன செய்கின்றன என்பதில் இந்திய ஆய்வுக்கூடங்களின் பங்கு கணிசம். சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சோஃபோரோலிபிட் கேண்டிடா படலம் உருவாவதைத் தடுத்ததோடு, ஏற்கெனவே கட்டியிருந்த படலத்தின் உயிர்ப்பையும் குறைத்தது. அணு இழைவிடுவதற்கும் ஒட்டுவதற்கும் உரிய மரபணுக்களின் வேகம் இறங்கியது. ஆம்ஃபோடெரிசின் பி, ஃப்ளுகோனசோல் ஆகிய மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின. ராம்னோலிபிட் படலத்தைக் கலைப்பதை ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். உலகெங்கும் இதுபோல் பல வந்திருக்கின்றன.

வரிசையாகப் படித்தால் ஒரு சங்கதி பிடிபடும். படலம் கட்டுமுன் தடுப்பதில் முடிவுகள் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கின்றன. கட்டி முதிர்ந்ததைக் கலைப்பதில் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. முடிவுகளும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. பெரும்பாலான ஆய்வுகள் விரல்நக அளவுக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஓரிரு நாள் வளர்ந்த படலத்தில் நடந்தவை. ஆறு மாதம் இரும்புத் துகளோடும் எண்ணெயோடும் ஊறிய தொட்டிப் படலத்தோடு அதை ஒப்பிடுவது, குழந்தையோடு மல்யுத்தம் போட்டுப் பயில்வான் பட்டம் கேட்பது மாதிரி.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபியூசேரியம் வித்துகளைத் தண்ணீரில் கலக்கவேண்டிவந்தால் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ட்வீன் 80 என்ற சர்ஃபாக்டன்ட்டை, அதாவது சோப்புப் பொருளை, ஒரு துளி விடுகிறார்கள். பல பூஞ்சைகளின் வித்துமேல் தண்ணீர் ஒட்டாத புரதப் போர்வை உண்டு. அதை நனைத்து வித்துகளை உயிரோடு பிரித்துப் பரப்புவதற்குத்தான் அந்தத் துளி. ஆக, சர்ஃபாக்டன்ட் என்பதாலேயே ஒன்று பூஞ்சைக்கு எதிரியாகிவிடாது. சபோனினும் இட்யூரினும் பூஞ்சையின் தோலிலுள்ள எர்கோஸ்டெரால் போன்ற பொருளில் தொற்றிக்கொண்டு துளை போடுகின்றன, அது சண்டை. வெறுமனே நனைத்து நெகிழ்த்துவது துவைப்பு. ‘இயற்கைச் சர்ஃபாக்டன்ட் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும்’ என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பட்டறையை விட்டுத் தளிப் பக்கம் போவோம். பெங்களூரின் குளிரில் பாதியை வாங்கிக்கொண்ட இந்த மேட்டுநிலத்தில் பாலிஹவுஸ் ரோஜா பெரிய தொழில். அமுதகொண்டப்பள்ளியில் டான்ஃப்ளோரா பூங்கா, தளியில் இந்திய இஸ்ரேல் கூட்டில் அமைந்த கொய்மலர் மையம். பிப்ரவரி 14க்கு முந்தைய வாரங்களில் சிவப்பு ரோஜா பெட்டி பெட்டியாக விமானம் ஏறும். அந்தப் பருவத்து இரவுக் குளிரும் குடிலுக்குள் தேங்கும் ஈரமும் போட்ரைட்டிஸ் பூஞ்சைக்கும் பிடித்தமானவை. இதழில் ஒரு சின்னப் புள்ளி. பெட்டிக்குள் இரண்டு நாளில் மொட்டே சாம்பல் பூத்து அழுகிவிடும். இதழின் மெழுகுப் பரப்பில் வித்து ஒட்டி முளைவிடுவதுதான் தொடக்கம். ஒட்டுவதைத் தடுக்கும் பொருள் உதவக்கூடிய இடம் இது.

இங்கே ஒரு பழைய கதை பாடமாக இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஸ்டாங்கெல்லினி என்ற தாவர நோயியலாளர், மண்ணில்லா வேளாண்மைத் தண்ணீரில் பரவும் பித்தியம், பைட்டாஃப்தோரா நோய்கள் குறித்து ஆராய்ந்தார். 1980களில் செயற்கைச் சர்ஃபாக்டன்ட்டையும், 1997இல் ராம்னோலிபிடையும் வைத்து அவர் குழு காட்டியது இது: அந்த நோய்க்கிருமிகளின் நீந்தும் வித்துகள் சர்ஃபாக்டன்ட் பட்டதும் வெடித்துப்போகின்றன. காரணம், நீந்தும் வித்துக்குச் சுவர் கிடையாது. வெறும் மெல்லிய தோல். ராம்னோலிபிடை மூலப்பொருளாகக் கொண்ட ஸோனிக்ஸ் என்ற மருந்துக்கு 2004இல் அமெரிக்கா உரிமம் கொடுத்தது. இந்த வெற்றியைப் பூஞ்சைகளின் கணக்கில் எழுதுகிறவர்கள் அதிகம். ஆனால் பித்தியமும் பைட்டாஃப்தோராவும், ரோஜாக்காரர்கள் ‘டவுனி’ என்று அஞ்சும் அடிச்சாம்பல் நோய்க்கிருமியும் உண்மையில் பூஞ்சையே அல்ல; பாசிக்கு நெருங்கிய உறவு. கெட்டியான சுவர் கொண்ட போட்ரைட்டிஸ் வித்திடம் அதே மருந்து அதே வேகத்தில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது. குடிலில் டவுனிக்கு ராம்னோலிபிடைச் சோதிக்கலாம், நியாயம் உண்டு. போட்ரைட்டிஸுக்கு இரவில் காற்றோட்டம் தருவதுதான் முதல் மருந்து.

உள்ளூர் உழவருக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்தது. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலக்கக் காதி சோப்பையும், இயற்கை வேளாண்மைக்காரர்கள் பூந்திக்கொட்டைக் கரைசலையும் சேர்ப்பது வழக்கம். இலையில் மருந்து படர்ந்து நிற்க அது போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் பொடியைத் தெளிப்பவர், தம்மை அறியாமலே ஒரு சர்ஃபாக்டன்ட் ஆலையைத் தெளிக்கிறார். அந்தப் பாக்டீரியா வேரிலும் இலையிலும் இருந்தபடி இட்யூரினையும் ஃபெஞ்சைசினையும் சுரக்கிறது. புட்டியில் அடைத்து விற்கும் சர்ஃபாக்டினைவிட உயிரோடு சுரக்கும் இதுவே மலிவு.

ஆனால் பூஞ்சை சும்மா இருப்பதில்லை. ராயக்கோட்டைச் சந்தைக்குக் கூடை கூடையாகத் தக்காளி வருகிறதே, அந்தச் செடியே டொமாட்டின் என்ற சபோனின் மாதிரியான பொருளைத் தற்காப்புக்கு வைத்திருக்கிறது. தக்காளியை வாட வைக்கும் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம், அந்தப் பொருளிலுள்ள சர்க்கரையை நறுக்கிச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சுரக்கிறது. ஓட்ஸ் வேரிலுள்ள அவெனசினை இதேபோல் நறுக்கும் பூஞ்சையால்தான் ஓட்ஸைத் தாக்க முடிகிறது என்பதை 1995இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் நிறுவினார்கள். செடி கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சபோனினைப் பிரயோகித்து வந்தும் பூஞ்சை பிழைத்திருக்கிறது. இயற்கைப் பொருளுக்குப் பூஞ்சை பழகாது என்ற விளம்பர வாசகத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டாம். அதே சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். காயை இடித்துக் குட்டையில் கலக்கி மீன் பிடித்த பழைய வழக்கம் அதனால்தான். இரத்த அணுவையும் உடைக்கும். சர்ஃபாக்டினுக்கும் அந்தக் குணம் உண்டு.

இவற்றை இரத்தத்தில் நேரடியாகச் செலுத்துவது எளிதல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். மருத்துவத்தில் இவற்றுக்குச் சரியான இடம் உடலுக்கு வெளியே: கதீட்டர் குழாயின் பூச்சு, பல்செட்டை ஊறவைக்கும் திரவம், காண்டாக்ட் லென்ஸ் டப்பா. கடைசியாகச் சொன்னது அற்பமல்ல. 2005, 2006இல் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் காண்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கு ஃபியூசேரியம் கண்புண் கொத்தாக வந்தது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. ஒரு குறிப்பிட்ட லென்ஸ் திரவம் 2006 மே மாதம் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. நம் பக்கத்தில் அதே பூஞ்சை வேறு வழியில் வருகிறது: வயலில் தாள் குத்தி, தூசி விழுந்து. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முன்னின்று 323 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நாடாமைசினே ஃபியூசேரியத்துக்கு நல்லது என்று தெரிந்தது. கண் மருந்தில் சோப்புப் பொருள் சேர்ப்பது பற்றி இப்போதைக்கு அவசரப்படத் தேவையில்லை.

திரும்பப் பட்டறைத் தொட்டிக்கு. இங்கே மூன்று முட்டுக்கட்டைகள். முதலாவது, காரத்தன்மை. துருவைத் தடுக்கக் கூலன்ட்டின் பிஎச் அளவு 9ஐ ஒட்டி வைக்கப்படுகிறது. சோஃபோரோலிபிடில் வீரியம் மிக்க வடிவம் வளையமாக மூடிய லாக்டோன். காரத்தில் அந்த வளையம் பிரிந்துபோகும். சண்டிகர்த் தட்டில் வென்றது ஓசூர்த் தொட்டியில் வெல்லாமல் போக இது ஒன்றே போதும். ராம்னோலிபிடும் காரத்தில் மின்னேற்றம் பெற்றுத் தண்ணீரோடு கரைந்து நிற்கவே விரும்பும். கூலன்ட்டை வடித்துத் தொட்டியைக் கழுவும் நாளில் பிஎச்சை இறக்கிய கழுவுநீரில் சேர்ப்பதே பொருத்தம். ஓடும் கூலன்ட்டில் கலப்பது வீண். இரண்டாவது, நுரை. உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் சிஎன்சி இயந்திரத்தில் நுரை வந்தால் கடையும் இடத்துக்குத் திரவம் போய்ச் சேராது. நுரையடக்கச் சிலிக்கோன் ஊற்ற வேண்டிவரும்.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கலைத்த படலம் எங்கே போகும்? பிய்ந்த துணுக்குகள் கூலன்ட்டோடு சுற்றி, சுழலும் முனையில் பட்டுப் புகையாகச் சிதறி, இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவரின் மூச்சில் ஏறும். கூலன்ட் புகையை நெடுநாள் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வந்ததும், அதோடு ஒருவகை மைக்கோபாக்டீரியம் தொடர்புபடுத்தப்பட்டதும் வெளிநாட்டுத் தொழில்நலப் பதிவுகளில் உள்ளது. இயந்திரம் ஓடும்போது படலத்தைக் கலைக்கவே கூடாது. நிறுத்தி, வடித்து, கலைத்து, கழுவி, வடிகட்டி எடுத்த பிறகே புதுத் திரவம். இதற்கு ஒரு ஷிஃப்ட் போகும். ஜாப் ஒர்க் எடுத்துப் பிழைக்கும் சிறு பட்டறைக்கு ஒரு ஷிஃப்ட் என்பது சின்னச் சமாச்சாரமில்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ராம்னோலிபிட் நெடுநாள் ஆய்வுக்கூடச் சரக்காகவே இருந்தது. அதைச் சுரக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா மருத்துவமனைத் தொற்றுக்குப் பேர்போன கிருமி என்பது ஒரு தடை. ஜெர்மனியின் எவோனிக் நிறுவனம் தீங்கற்ற உறவுக்காரப் பாக்டீரியாவை மாற்றியமைத்து ஸ்லோவாக்கியாவில் 2024இல் பெரிய ஆலை திறந்திருக்கிறது. இன்னொரு தடை, வேடிக்கையானது: நொதிக்கலத்திலேயே அது நுரைத்துப் பொங்கி வழிகிறது. விலையைக் குறைக்கக் கிருஷ்ணகிரியில் யோசிக்கத்தக்க ஒரு மூலப்பொருள் குவிந்து கிடக்கிறது. பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகள் தோலையும் கொட்டையையும் மலையாகத் தள்ளுகின்றன. சோஃபோரோலிபிட் ஈஸ்ட்டுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் ஒருசேர வேண்டும். மாந்தோலில் சர்க்கரை இருக்கிறது, பருப்பில் ஒலியிக் அமிலம் மிகுந்த கொழுப்பு இருக்கிறது. பருவம் மூன்று மாதம்தான், கொட்டை சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும் என்ற சிக்கல்கள் உண்டு. ஆனாலும் பாமாயிலை இறக்குமதி செய்து ‘இயற்கை’ச் சோப்புத் தயாரிப்பதைவிட இது கேட்கத்தக்க யோசனை.

சோதனைக்குப் பெரிய கூடம் வேண்டியதில்லை. ஒரே மாதிரி இரண்டு தொட்டி, ஒரே கூலன்ட். ஒன்றை வழக்கமான கிருமிக்கொல்லியால் கழுவ வேண்டும். மற்றதைப் பிஎச் இறக்கிய ராம்னோலிபிட் கரைசலிலோ, முடிந்தால் பூந்திக்கொட்டைக் கரைசலிலோ கழுவ வேண்டும். இரண்டிலும் எடை பார்த்த இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டு ஆறு வாரம் ஓட்டலாம். வாரம் ஒருமுறை ஒரு தகட்டை எடுத்து உலர்த்தி எடை போட்டால் படலம் மீண்டும் எத்தனை நாளில் பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். கழுவிய தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புமுன் ஒரு பாட்டிலில் அரைவாசி பிடித்து, நன்றாகக் குலுக்கி, மேசைமேல் வைத்து, நுரை அடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.